விருந்து மூன்று நாள்; அப்புறம்?



"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் ஊரில் சொல்வார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கும் இந்த நாட்டில் அந்தப் பழமொழியைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறோம் என்பது வேறு விஷயம். முதல் நாள் வடை பாயசம், இரண்டாம் நாள் சாம்பார் ரசம், மூன்றாம் நாள் சுண்டவைத்த பழைய குழம்பு என்று கேலி செய்வதும் உண்டு. ஆனால் பழமொழி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. நாலாம் நாள் காலையில் விருந்தாளிக்குத் திரும்பிப் போக வீடே இல்லையென்றால் என்ன செய்வது? வீடும், வீடு இருந்த தெருவும், தெரு இருந்த ஊரும் தண்ணீருக்குள் இருந்தால்?

ஒரு குடும்பத்துக்கு அல்ல, ஒரு நகரத்துக்கே இந்தக் கேள்வி வந்தது. அந்த நகரம் நம் ஹூஸ்டன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால், சமீபத்தில் இங்கே குடியேறிய குடும்பங்களுக்கு இந்தக் கதை முழுதாகத் தெரிந்திருக்காது. மற்றவர்களுக்கும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. கடல் சூடேறி, புயலும் மழையும் கடுமையாகிவரும் காலத்தில் இந்தக் கேள்வி ஒரு தடவையோடு நிற்கப் போவதில்லை.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி காலை கத்ரீனா புயல் லூயிசியானா கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காக்கக் கட்டிய கரைகள் உடைந்தன. நகரில் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியது. இதை முழுவதும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. கரைகள் உடைந்ததற்கு மனிதர் செய்த பிழைகளும் காரணம். கார் இருந்தவர்கள் முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள். கார் இல்லாதவர்களில் பல ஆயிரம் பேர் சூப்பர்டோம் மைதானத்தில் கரண்டும் சரியான தண்ணீரும் இல்லாமல் அடைந்து கிடந்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று அவர்களை ஹூஸ்டனுக்குக் கொண்டுவர முடிவாயிற்று. அன்று இரவே முதல் பஸ் ஆஸ்ட்ரோடோம் வாசலில் வந்து நின்றது.

அடுத்த சில நாட்களில் ஆஸ்ட்ரோடோம், பக்கத்திலிருந்த ரிலையன்ட் கட்டடங்கள், டவுன்டவுன் கன்வென்ஷன் சென்டர் எல்லாவற்றிலுமாக 25,000 பேருக்கு மேல் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். உறவினர் வீட்டிலும் மோட்டலிலும் தங்கியவர்களைச் சேர்த்தால், ஹூஸ்டன் பகுதிக்கு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் பேர் வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். நியூ ஆர்லியன்ஸின் மொத்த ஜனத்தொகையே அப்போது சுமார் நாலரை லட்சம்தான்.

அந்த முதல் மூன்று நாளை ஹூஸ்டன் அருமையாகச் செய்தது. மேயர் பில் வைட் டெமாக்ரட், ஹாரிஸ் கவுண்டியின் தலைவர் ராபர்ட் எக்கல்ஸ் ரிப்பப்ளிகன். இருவரும் கட்சியை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றாக வேலை செய்தார்கள். பல்லாயிரம் பேர் வாலண்டியர்களாக வரிசையில் நின்றார்கள். நம்மிலும் பலர் போயிருந்தோம். எங்களுக்குக் கிடைத்தது நன்கொடையாக வந்த துணிகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலை. ஒரு மூதாட்டி நாங்கள் நீட்டிய துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "என் மகன் என்னைத் தேடிக்கொண்டிருப்பான். எந்த விலாசத்தில் தேடுவான்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. சாப்பாடு கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். போர்வை கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். விலாசத்தை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பது?

இந்தக் கேள்வி அந்த அம்மாளுடையது மட்டும் அல்ல. அங்கே இருந்தவர்களுக்குக் கடிதமும் காசோலையும் வந்துசேர வேண்டும் என்பதற்காகத் தபால் இலாகா அந்த முகாமுக்கு 77230 என்று தனி ஜிப் கோடே கொடுத்தது. நாலாம் நாளின் தேவை என்ன என்பதைத் தபால்காரர்கள் முதலில் புரிந்துகொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நகரத்தின் தலைவர்களும் புரிந்துகொண்டார்கள். ஆஸ்ட்ரோடோமில் மாதக்கணக்கில் கட்டில் போட்டு வைப்பது சரியல்ல என்று தீர்மானித்தார்கள். ஹூஸ்டனில் அப்போது காலி அப்பார்ட்மெண்டுகள் நிறைய இருந்தன. நகரமே முன்னின்று வீட்டுச் சொந்தக்காரர்களுடன் ஒப்பந்தம் செய்து, 30,000-க்கு மேற்பட்ட அப்பார்ட்மெண்டுகளில் சுமார் ஒரு லட்சம் பேரை, பெரும்பாலும் 12 மாத லீஸில் குடிவைத்தது. வாடகையை நகரம் கொடுத்துவிட்டுப் பிறகு மத்திய அரசின் ஃபீமாவிடம் வாங்கிக்கொள்வது என்பது ஏற்பாடு. எத்தனை காலத்துக்குத் தருவது, யாருக்குத் தகுதி உண்டு என்பதில் நகரத்துக்கும் ஃபீமாவுக்கும் மாதக்கணக்கில் இழுபறி நடந்தது. ஆனால் பணம் கைக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மேயர் காத்திருக்கவில்லை. செப்டம்பர் மூன்றாவது வாரத்துக்குள் ஆஸ்ட்ரோடோம் காலியாகிவிட்டது. 2007-ல் பில் வைட்டுக்கு இதற்காக ஜான் கென்னடி நூலகத்தின் துணிவு விருது கிடைத்தது.

கட்டிலுக்கும் லீஸுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தோம். இரண்டும் கூரைக்குக் கீழேதான். ஆனால் கட்டிலில் இருப்பவர் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறவர். லீஸில் இருப்பவர் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளலாம், தன் அடுப்பில் தனக்குப் பிடித்ததைச் சமைக்கலாம், வேலைக்கு மனுப் போடும்போது விலாசம் எழுதலாம். ஹூஸ்டன் பள்ளி மாவட்டம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. வீடிழந்த பிள்ளையைச் சான்றிதழ் இல்லை, தடுப்பூசிக் காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது இந்த நாட்டின் சட்டம். வெள்ளத்தில் போன மார்க்ஷீட்டை யார் கொண்டுவர முடியும்?

இதோடு கதை முடிந்திருந்தால் நாமெல்லாம் ஹூஸ்டனைப் புகழ்ந்துவிட்டுப் போகலாம். நாலாம் நாளுக்குப் பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. 2006-ல் நகரத்தில் கொலைகள் கூடின. வந்தவர்களால்தான் என்று பேச்சு கிளம்பியது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்டீஃபன் கிளைன்பர்க் 1982 முதல் ஆண்டுதோறும் நடத்திவந்த கருத்துக் கணிப்பில், இவர்கள் வந்தது நகரத்துக்குக் கெடுதல் என்று சொன்னவர்கள் ஏராளம். வாசலில் வரிசை கட்டி நின்று துணி கொடுத்த அதே ஊர்தான்! பின்னால் ஆராய்ந்தவர்கள், குற்றங்கள் சிலவற்றில் ஓரளவு கூடுதல் இருந்தது, ஊர் பயந்த அளவுக்கு இல்லை என்றார்கள். பள்ளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று, புதுப் பிள்ளைகள் வந்ததால் ஏற்கெனவே படித்துவந்த பிள்ளைகளின் படிப்பு சராசரியில் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்று கண்டது.

அப்படியானால் முணுமுணுத்தவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. காலி அப்பார்ட்மெண்டுகள் எங்கே இருந்தன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் தென்மேற்கு ஹூஸ்டனில், ஏற்கெனவே ஏழைகளும் புதுக் குடியேறிகளும் நெருக்கி வாழ்ந்த பகுதிகளில். அங்கேதான் வகுப்பில் பிள்ளைகள் கூடினார்கள், பஸ்ஸில் கூட்டம் கூடியது, கிளினிக்கில் வரிசை நீண்டது. பெரிய மனது நகரம் முழுவதற்கும் பேர் வாங்கிக் கொடுத்தது; சுமையைத் தூக்கியது சில தெருக்கள். ஷுகர்லேண்டில் நல்ல வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "மனிதாபிமானம் வேண்டாமா?" என்று அந்தத் தெருக்காரரிடம் கேட்பது நமக்கு எளிது. விருந்துக்கு அழைத்தவர் ஒருவர், சமைத்தவர் இன்னொருவர் என்றால் அடுப்படியில் கோபம் வரத்தான் செய்யும்.

"சரி, அவர்கள் ஊருக்கே திரும்பிப் போகட்டுமே" என்றும் சொன்னார்கள். போக நினைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் 2007 டிசம்பர் 20-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரசபை, நான்கு பெரிய அரசுக் குடியிருப்புகளை, சுமார் 4,500 வீடுகளை, இடிப்பதற்கு ஒருமனதாக அனுமதி கொடுத்தது. அவற்றுக்குப் பதிலாகக் கட்டத் திட்டமிட்டதில் பரம ஏழைகளுக்கான வீடுகள் முன்பிருந்ததைவிடக் குறைவு. ஒரு நகரம் "திரும்பிப் போ" என்கிறது; இன்னொரு நகரம் வீட்டை இடிக்கிறது. நடுவில் நிற்கிறவர் என்ன செய்வார்?

நம் ஊரிலும் இதே கேள்வி வந்தது. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையை எப்படி உலுக்கியது என்பது நம் எல்லார் வீட்டுக்கும் தெரியும். போன் கிடைக்காமல் எத்தனை இரவு விழித்திருந்தோம்! அதற்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்திப் பெரும்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய எட்டு மாடிக் கட்டடங்களில் குடிவைத்தார்கள். 2021 முதல் அந்த வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். கரையோரம் ஆபத்து என்பது உண்மை. கொடுத்தது கட்டில் அல்ல, வீடு. ஹூஸ்டன் கொடுத்த ஒரு வருஷ லீஸைவிட அது பெரியதல்லவா என்று கேட்கலாம்.

ஆனால் நகரத்துக்குள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த பெண்ணுக்கு, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வீடு பாதி வீடுதான். பஸ்ஸிலேயே காலையும் மாலையும் போய்விடும். வேலையே போய்விட்டவர்கள் பலர். பள்ளி ஆண்டின் நடுவில் இடம் மாற்றப்பட்ட பிள்ளைகளில் படிப்பை நிறுத்தியவர்கள் உண்டு. இன்னொரு வேதனை: பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கொண்டுபோய் வைத்த இடத்திலும் பெருமழையில் தண்ணீர் தேங்குகிறது. "உங்களுக்கு எங்கே இருந்தால் பிழைக்க முடியும்?" என்று முதலிலேயே உட்கார்ந்து கேட்டிருந்தால் இதில் பாதி தெரிந்திருக்கும்.

இரண்டு ஊர்க் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எங்களுக்குத் தோன்றுவது இது. மூன்று நாள் விருந்து தர்மத்தைச் சேர்ந்தது. அது கொடுப்பவரின் மனசைப் பொறுத்தது. கொடுத்தால் புண்ணியம், நன்றியோடு வாங்கிக்கொள்வார்கள். நாலாம் நாள் நியாயத்தைச் சேர்ந்தது. அங்கே அளவுகோல் நம் மனசு அல்ல, வந்தவரின் வாழ்க்கை. அவருக்கு ஒரு விலாசம் இருக்கிறதா, அங்கிருந்து போய்வரும் தூரத்தில் பிழைப்பு இருக்கிறதா, தன்னைப் பற்றிய முடிவில் அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு, அவரைத் தாங்கும் தெருவுக்கு ஊர் முழுவதும் தோள் கொடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புயலுக்குப் போர்வை சேர்ப்பது நகரத் தலைவர்களுக்கு முக்கியம்தான். காலி வீடுகள் எங்கே, எந்தப் பள்ளியில் இடம், எந்த பஸ் எங்கே போகும், செலவை யார் ஏற்பது என்பதைப் புயல் வருமுன் பேசி வைப்பது அதைவிட முக்கியம். பேசி வைக்காத ஊரில் சுமை தானாகவே பலவீனமானவர் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் "அவர்களுக்கு நாம்" என்ற முறையிலேயே பேசிக்கொண்டிருந்தோம். 2017 ஆகஸ்டில் ஹார்வி வந்து அதை மாற்றியது. கிழக்கே நெதர்லேண்ட் என்ற ஊரில் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. பருவநிலை மாற்றத்தால் அந்த மழையின் கடுமை சுமார் 15 சதவீதம் கூடியது என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். 1940-களில் கட்டிய ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்கள் நிரம்பின. அவற்றின் நீர்ப்பரப்புக்குள்ளேயே வீடு வாங்கியிருக்கிறோம் என்பது தெரியாமலே வாங்கிய பலர் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். நம் அன்பர்கள் எத்தனை பேர் பாஸ்போர்ட்டையும் பூஜைப் படங்களையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு மாடியில் காத்திருந்தார்கள்! அதே கன்வென்ஷன் சென்டரில் பத்தாயிரம் பேர் படுத்திருந்தார்கள். இந்த முறை ஹூஸ்டன்காரர்கள். படகு கட்டி இழுத்துக்கொண்டு லூயிசியானாவிலிருந்து வந்து வீதி வீதியாக ஆட்களைக் காப்பாற்றியவர்களில் "கேஜன் நேவி" என்று பெயர் பெற்ற சாதாரண மனிதர்கள் இருந்தார்கள். அந்தப் பெயர் பிறந்ததே கத்ரீனாவில்தான்.

நம் மணிமேகலைக் காப்பியத்தில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. புகார் நகரைக் கடல் கொண்டது. மாதவியும் சுதமதியும் அறவண அடிகளும் ஊரை விட்டு வெளியேறினார்கள். பின்பு காஞ்சியில் மழை பொய்த்துப் பசி வந்தபோது, அமுதசுரபியோடு வந்து அந்த நகரத்துக்கு உணவிட்டவள் மணிமேகலை, கடல் கொண்ட ஊரின் பெண். இன்று விருந்தாளி, நாளை விருந்து கொடுப்பவர். வந்தவரைச் சுமை என்று மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பாதிக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

ஹார்விக்கு ஒரு வருஷம் கழித்து, 2018 ஆகஸ்ட் 25 அன்று ஹாரிஸ் கவுண்டி வாக்காளர்கள் வெள்ளத் தடுப்புக்கு 250 கோடி டாலர் கடன் பத்திரத்தை மிகப் பெரும்பான்மையாக ஆமோதித்தார்கள். அதில் ஒரு பகுதி அடிக்கடி மூழ்கும் வீடுகளை வாங்கி இடித்து, நிலத்தைத் தண்ணீருக்கே விட்டுவிடுவதற்கு. நியூஜெர்ஸியில் 1995 முதல் "ப்ளூ ஏக்கர்ஸ்" என்ற திட்டம் இதையே செய்துவருகிறது; 2012-ல் சாண்டி புயலுக்குப் பிறகு அது பெரிதாயிற்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டை விற்று எழுந்து வருகிறவர்கள் எங்கே போவார்கள்? வேறு எங்காவது வீடு இருந்தால்தானே போக முடியும்?

இங்கேதான் நம்மைப் பற்றி ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புயல் வந்தால் நம் சமூகம் முதல் ஆளாக நிற்கிறது. புளியோதரையும் தயிர்சாதமும் நூற்றுக்கணக்கான பொட்டலமாகக் கட்டத் தெரியும், செக் எழுதவும் தயங்க மாட்டோம். ஆனால் நம் சப்டிவிஷனுக்குப் பக்கத்தில் குறைந்த வாடகை அப்பார்ட்மெண்ட் வருகிறது என்று தெரிந்தால், எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட முந்துகிறவர்களும் நாம்தான். டிராஃபிக், பள்ளியின் ரேட்டிங், வீட்டு மதிப்பு என்று காரணம் சொல்கிறோம். எங்கள் கையெழுத்தும் அப்படி ஒரு மனுவில் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. காரணங்கள் பொய்யல்ல. ஆனால் ஒவ்வொரு சப்டிவிஷனும் அதே காரணத்தைச் சொன்னால், நாலாம் நாள் வந்தவர்கள் எல்லாரும் மறுபடியும் அதே நாலு தெருவுக்குத்தான் போவார்கள். அப்புறம் "அந்த ஏரியா கெட்டுவிட்டது" என்று நாமே சொல்வோம்.

அன்னதானத்தை விட வேண்டாம். அதோடு, அடுத்த முறை அப்படி ஒரு மனு வந்தால் கையெழுத்துக்கு முன்னால் கூட்டத்துக்குப் போவோம். பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் வருவாரா, வடிகால் சரியாக இருக்குமா, பஸ் வருமா என்று நகரசபையில் கேட்போம். "வேண்டாம்" என்பதற்காக அல்ல, "வந்தால் ஒழுங்காக வரட்டும்" என்பதற்காகக் கேட்போம். கேட்பவர்கள் இருந்தால்தான் தலைவர்களுக்கும் துணிவு வரும்.

கடைசியாக ஒன்று. நாங்கள் 1989-ல் இரண்டு சூட்கேஸோடு இந்த ஊரில் வந்து இறங்கியபோது, அதுவரை முகம் பார்த்திராத ஒரு தமிழ்க் குடும்பம் அழைத்துப்போய்த் தங்கவைத்தது. மாமி மூன்று நாளும் விதவிதமாகச் சமைத்துப் போட்டார். என்ன சாப்பிட்டோம் என்று இன்று நினைவில்லை. நாலாம் நாள் காலை மாமா காரை எடுத்தார். லைசென்ஸ் ஆபீஸுக்கும் பேங்குக்கும் அழைத்துப் போனார். பாரத்தில் விலாசம் என்ற கட்டத்தில் பேனா நின்றபோது, "என் வீட்டு விலாசத்தைப் போடுங்கோ. உங்களுக்கு வீடு அமையற வரைக்கும் இதுதான் உங்க விலாசம்" என்றார்.

வெள்ளத்துக்குப் பயந்தோ பிழைப்பைத் தேடியோ, யாரோ ஒருவர் கொடுத்த விலாசத்தில்தான் நாம் எல்லாரும் இந்த நாட்டில் ஆரம்பித்தோம். ஆஸ்ட்ரோடோமில் அந்த மூதாட்டி எங்களிடம் கேட்டதும் அதைத்தான்.